பென்ட்ரைவைக் கண்டதும் போமட் அடிக்காத ஒரு கடை: கரடிப்போக்கு, கிளிநொச்சி

கொம்பியூட்டரில் பென்ட்ரைவ் காட்டவில்லை என்று கடைக்குக் கொண்டு போனால், "சரி, போமட் அடிச்சுத் தாங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது ட்ரைவை வெறுமையாக்கும் வேலை. போன மாதம் நான் அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன், அந்த நேரம் பார்த்து எங்கள் பொருளாளர் போன் எடுத்தபடியால் தப்பியது. பிறகு கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் ஒரு தம்பி அதைத் திருத்தித் தந்தார். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஏனென்றால் என்ன பிழை, அவர் அதை எப்படிப் பார்த்தார் என்பதையும் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோசனம்.

நான் விசுவமடுப் பக்கம் ஒரு கிராமத்தின் மரண உதவிச் சங்கத்தில் செயலாளர். வன்னியில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டுக்கு வீடு மாதச் சந்தா எடுத்து வைத்து, ஒரு வீட்டில் சாவு என்றால் அன்றைக்கே செலவுக்குக் காசும், பந்தலுக்குத் தகரமும், கதிரையும் கொண்டுபோய்க் கொடுக்கிற சங்கம். எங்களிடம் 186 குடும்பங்கள் இருக்கின்றன. சந்தாக் கணக்கு, நிலுவை, கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரே ஒரு 32 ஜிபி பென்ட்ரைவில். அதோடு உறுப்பினர் படிவத்துக்கு எடுத்த படங்களும். 2009 இல் இங்கிருந்து வெளிக்கிட்ட சனம் அல்பம் தூக்கிக்கொண்டு போகவில்லை, தூக்கியவர்களும் இடையில் விட்டுவிட்டார்கள். மீள்குடியேறி வந்து 2012 இல் சங்கத்தைத் திரும்பத் தொடங்கியபோது வயதுபோனவர்கள் பலரிடம் அடையாள அட்டையில் இருந்ததைத் தவிர வேறு படம் இல்லை. ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் கதிரையில் இருத்தி நாங்களே எடுத்தோம். இப்போது ஒருவர் மோசம்போனால் நோட்டீசுக்கும் 31ஆம் நாள் நினைவுமலருக்கும் பிள்ளைகள் வந்து கேட்பது அந்தப் படத்தைத்தான். ஒவ்வொரு படக் கோப்புக்கும் பெயர், அந்த ஆளின் உறுப்பினர் இலக்கம். இந்தப் பெயர் விஷயத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் சங்கக் கட்டடத்துக் கொம்பியூட்டரில் சந்தா பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கொம்பியூட்டரை ஓட வைக்கும் யூபிஎஸ் பெட்டி அங்கே இல்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டுப்படுகிறதே என்று பென்ட்ரைவை இழுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிய எழும்பி வீட்டு லப்டொப்பில் குத்தினால், ட்ரைவில் லைட் எரிகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற மாதிரி மூலையில் ஒரு செய்தி வந்து மறைந்தது. லப்டொப்பை நிறுத்திப் போட்டேன், மற்றப் பக்க ஓட்டையில் போட்டேன், மகனின் லப்டொப்பிலும் போட்டேன், அதே கதை. அன்று மத்தியானம் எங்கள் உறுப்பினரான ஒரு ஐயா மோசம்போனார். காசில் தடங்கல் வரவில்லை, பொருளாளர் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டார். ஆனால் ஐயாவின் மகள் நோட்டீசுக்குப் படம் கேட்டு வந்து வாசலில் நிற்கிறா, என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டார்கள். முகமே விளங்கவில்லை.

அடுத்த நாள் பக்கத்து ஊரில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த பொடியன் ட்ரைவை முன்பக்க ஓட்டையில் குத்தி, இரண்டு மூன்று தரம் ஆட்டினான். திடீரென்று ஒரு பெட்டி வந்தது: இந்த டிஸ்க்கைப் பாவிக்க வேண்டுமென்றால் போமட் செய்ய வேண்டும், செய்யவா? "போமட் கேக்குது அக்கா, அடிச்சா வேலை செய்யும், ஐந்நூறு ரூபா, பிறகு ரெக்கவரி போட்டு எடுக்கலாம்." உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு நாள் காட்டாமல் கிடந்தது திடீரென்று காட்டியதே என்ற சந்தோஷத்தில் நானும் தலையாட்டப் போனேன். அப்போதுதான் பொருளாளர் போன் எடுத்தார். அவரின் மகன் கிளிநொச்சியில் படித்தவர், போனை வாங்கி "அம்மா, அதைத் தொடவிடாதேங்கோ, கரடிப்போக்கில ஒரு ஆள் இருக்கிறார், அங்க கொண்டுபோங்கோ" என்றார்.

விசுவமடுவிலிருந்து வரும் பஸ் பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறித் திரும்பினால், கிளிநொச்சி நகரத்துக்குள் போகமுன் கரடிப்போக்குச் சந்தி வரும். அங்கே இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். கடைக்குத் தனிப்பெயர் இல்லை, பலகையில் ‘போட்டோக்கொப்பி, ரைப்செற்றிங், லமினேற்றிங், கொம்பியூட்டர் திருத்தம்’ என்று மட்டும் இருக்கிறது. தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று அவர் சொன்னதால் நானும் தம்பி என்றே எழுதுகிறேன்.

ட்ரைவை வாங்கியவர் உடனே குத்தவில்லை. எனக்குக் கடை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "உள்ளுக்கு என்ன இருக்குதக்கா? வேற எங்கயாவது கொப்பி இருக்கோ?" சொன்னேன். "கடைசியா எப்ப வேலை செய்தது? லைட் எரியுதோ? குத்தேக்க சத்தம் கேட்குதோ? ஆராவது போமட் அடிச்சவையோ?" ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதினார். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ட்ரைவின் வாயைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னிடமும் தந்தார். உள்ளே வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. கைப்பைக்குள் கிடந்த விபூதிச் சரை அவிழ்ந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

யூஎஸ்பியின் வாயில் நான்கு தகடுகள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, 5 வோல்ட், அவை கொஞ்சம் நீளம். நடுவில் இருக்கும் இரண்டும் தரவுக்கு, அவை கட்டை. குத்தும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நடுத் தகடுகளில் ஊத்தை இருந்தால் மின்சாரம் போய் லைட் எரியும், ஆனால் ட்ரைவ் தான் யார் என்று சொல்வது கொம்பியூட்டருக்குப் போய்ச் சேராது. என் லப்டொப்பில் நடந்தது அதுதான். லைட் எரிகிறதே, ட்ரைவ் நல்லாத்தான் இருக்கிறது, லப்டொப்தான் பிழை என்று இரண்டு நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி ஒரு மெல்லிய பிரஷில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, பெரிய கொம்பியூட்டரின் பின்பக்க ஓட்டையில் குத்தினார். முன்பக்க ஓட்டைகள் உள்ளே ஒரு வயர் வழியாக மதர்போர்ட் என்ற பிரதான பலகைக்குப் போகின்றன, அந்த வயர் தளர்ந்திருந்தால் ட்ரைவுக்கு வரும் மின்சாரமும் தளம்பும். பின்பக்கத்தில் இருப்பவை மதர்போர்ட்டிலேயே பொருத்தியவை. வீட்டிலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ஹப் (ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் பெட்டி) இல்லாமல், நீட்டு வயர் இல்லாமல், நேரே பின்பக்கத்தில் குத்திப் பார்ப்பது.

இந்தத் தடவை கொம்பியூட்டர் ஆளைக் கண்டுகொண்டது. ஆனால் வழமையாக ட்ரைவைத் திறக்கும் திஸ் பிசி என்ற இடத்தில் பார்க்காமல் தம்பி ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்பதைத் திறந்தார். விண்டோஸில் கீழே இருக்கும் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் பண்ணினால் வரும் பட்டியலிலேயே இது இருக்கிறது. எத்தனை வருஷமாக அந்தப் பட்டியல் வருகிறது, நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கொம்பியூட்டரில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் அது காட்டும், திறக்க முடியாததையும் காட்டும். எங்கள் ட்ரைவ் அங்கே 29 ஜிபி சொச்சம் என்று இருந்தது (32 என்று விற்பதை விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் அப்படி வரும், களவு இல்லை), பக்கத்தில் ‘ரோ’ என்று எழுதியிருந்தது.

ரோ என்றால் டிஸ்க் இருக்கிறது, அளவு தெரிகிறது, உள்ளே எந்த முறையில் எழுதியிருக்கிறது என்பது விளங்கவில்லை என்று அர்த்தம். நான் சங்கக்காரி என்றபடியால் தம்பி எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்: கணக்குக் கொப்பியின் முதல் ஒற்றை கிழிந்திருக்கிறது, உள்ளே பக்கங்கள் எல்லாம் கிடக்கின்றன. கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்ததால் அந்த முதல் ஒற்றை கெட்டிருக்கலாம். போமட் அடிப்பது என்றால் புது வெற்று அட்டவணை ஒன்றை எழுதி, பழைய அட்டவணையை அழிப்பது. அதற்குப் பிறகும் ரெக்கவரி மென்பொருள் போட்டு, பக்கம் பக்கமாகத் தேடிப் படங்களை எடுக்கலாம், அந்தக் கடைப் பொடியன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அப்படி எடுத்தால் கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் வராது. ஒரு எழுத்தும் நீளமான ஒரு எண்ணும் போட்டு அதுவாகப் பெயர் வைக்கும். நூற்றுக்கணக்கான முகங்கள் பெயரில்லாமல் வந்து விழுந்தால் நான் யாரை யாரென்று பிரிப்பது? சிலர் உயிரோடு இல்லை, சில குடும்பங்கள் ஊரை விட்டுப் போய்விட்டன. அந்தக் கதிரையில் உட்கார்ந்தே எனக்குக் கை நடுங்கியது, ஐந்நூறு ரூபாய்க்கு என்ன செய்யப் போனேன் என்று.

பிறகு செய்தது பொறுமையான வேலை. முதலில் ட்ரைவில் ஒன்றையும் எழுதாமல் அதை அப்படியே முழு நகல் எடுத்தார், விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கும் லினக்ஸில், டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால். அது வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். "ட்ரைவ் இனி எப்ப கண்ணை மூடுமெண்டு தெரியாது, அதுக்கு முதல் எடுக்கக்கூடியதை எடுத்திட வேணும்" என்றார். சிலர் உடனே செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். அது ட்ரைவிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும், ஆகவே நகல் எடுக்கமுன் அதையும் ஓட்டக்கூடாது. நகலுக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் போனது.

அதற்குப் பிறகு அந்த நகலை டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளில் திறந்தார். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இதுவும் இலவசம். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான், பார்க்கப் பயமாக இருக்கும். எங்கள் ட்ரைவ் ஃபாட்32 என்ற முறையில் இருந்தது. அந்த முறையில் முதல் ஒற்றைக்கு ஒரு நகலை ஆறாவது செக்டரில் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சின்னத் துண்டுகளில் ஒன்று) ஏற்கனவே எழுதி வைத்திருக்குமாம், அதற்காகவே. டெஸ்ட்டிஸ்க் அந்த நகல் நல்லது, முதலாவது கெட்டது என்று காட்டியது. தம்பி நல்லதைக் கெட்டதின் இடத்தில் எழுதச் சொன்னார், ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. கோப்புறைகள் வந்தன. படங்கள் என்ற கோப்புறையைத் திறந்தால் 001 இலிருந்து எல்லாம் இலக்கத்தோடு அப்படியே வரிசையாக நிற்கிறது. நான் முதலில் தேடித் திறந்தது ஐயாவின் படத்தை. தலைக்குப் பின்னால் அவர் வீட்டு முருங்கை மரமும் தெரிந்தது.

ஒன்று மட்டும் முழுதாக வரவில்லை. கரண்ட் போன நேரம் திறந்திருந்த சந்தா எக்ஸெல் கோப்பு பாதியில் கெட்டிருந்தது. அது வராது, முயற்சி செய்து காசு வாங்க விருப்பமில்லை என்று தம்பி நேரே சொன்னார். கோப்புறையில் இரண்டு மாதத்துக்கு முந்திய பிரதி ஒன்று கிடந்தது. மிச்சத்தைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு இரவு இருந்து திரும்பப் பதிந்தேன்.

காத்திருந்த நேரத்தில் வந்த ஆட்களைப் பார்த்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒரு ஆசிரியைக்கு, ட்ரைவ் டிஸ்க் மனேஜ்மென்டில் நல்ல நீலக் கோடோடு நிற்கிறது, திஸ் பிசியில் இல்லை. அதற்கு ஈ, எஃப் மாதிரி எழுத்து ஒன்று கொடுபடவில்லை, அவ்வளவுதான். வலது கிளிக் பண்ணி எழுத்துக் கொடுத்தார், வந்துவிட்டது, காசு வாங்கவில்லை. ஒரு பெடியனின் ட்ரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருந்தன. அது வைரஸ் வேலை, உண்மையான கோப்புறைகளை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட்டை வைக்கும், கிளிக் பண்ணினால் அந்தக் கொம்பியூட்டருக்கும் ஏறும். வைரஸை எடுத்த பிறகு அட்ரிப் என்ற கட்டளையால் ஒளித்ததை வெளியே கொண்டு வந்தார்.

இன்னொருவர் கோயில் திருவிழாக் கடையில் மலிவுக்கு வாங்கிய 2 டெராபைட் ட்ரைவைக் கொண்டு வந்தார், போட்ட வீடியோக்கள் திறக்கவில்லை என்று. உள்ளே இருந்தது சின்ன சிப், அளவைப் பெரிதாகச் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் போய்விட்டது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் ட்ரைவ் முழுக்க எழுதித் திரும்ப வாசித்து இந்தப் பொய்யைப் பிடிக்கும், புது ட்ரைவ் வாங்கியவுடன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள் என்றார். கலியாணப் படம் இருந்த ஒரு ட்ரைவ் டிஸ்க் மனேஜ்மென்டில் ‘நோ மீடியா’ என்று காட்டியது. ட்ரைவின் மூளைச் சிப் பதில் சொல்கிறது, படம் இருக்கும் சிப்போடு அதற்குத் தொடர்பு இல்லை. அதை மென்பொருளால் எடுக்க முடியாது, பிரித்துச் சிப்பிலிருந்தே வாசிக்கிற வசதி தன்னிடம் இல்லை, கொழும்பில் விசாரியுங்கள், அதுவரை சும்மா சும்மா குத்திப் பார்க்காதேங்கோ என்று ட்ரைவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஒரு ஐந்நூறை வாங்கிக்கொண்டு நோண்டிப் பார்க்கிற ஆட்களைக் கண்ட எனக்கு இது பெரிய விஷயம்.

என்னிடம் வாங்கியது 2,500 ரூபாய். தரவு வராவிட்டால் காசு இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். வந்ததைப் புது ட்ரைவில் போட்டுத் தந்தார், அந்த ட்ரைவுக்கான காசு வேறு. பழையதை இனிப் பாவிக்க வேண்டாம் என்றார்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுத வேண்டும். கடையில் காத்திருக்க ஒரு வாங்குதான், மத்தியான வெயில் நேரே முகத்தில் அடிக்கும், ஒரு ஃபேன் அவர் பக்கம் திரும்பி நிற்கிறது. போட்டோக்கொப்பிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் உங்கள் வேலை நின்றுவிடும், அன்றைக்கு எனக்கு மொத்தம் ஐந்து மணித்தியாலம் போனது. போன் எடுப்பதும் குறைவு. பற்றுச்சீட்டு நான் கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார், சங்கக் காசு என்றபடியால் எனக்கு அது கட்டாயம் வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான குறை ஒன்று: எங்கள் ஆட்களின் அடையாள அட்டைப் பிரதிகள், முகவரிகள் எல்லாம் இருந்த அந்த முழு நகல் அவருடைய கொம்பியூட்டரில் கிடந்தது. அதை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டபோது என் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தார், மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் கேட்காதவர்களுக்கு? அதை அவரே முதலில் சொல்லி, கொப்பியில் கையெழுத்து வாங்கி அழிக்க வேண்டும். அவரிடமும் இதைச் சொன்னேன். செய்கிறேன் என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை ஒன்பது மணிக்கு முன்னமே போய்விடுங்கள், பிள்ளைகள் கூட்டம் பின்னேரம்தான். ட்ரைவைத் தாளில் சுற்றிக் கொண்டு போங்கள், கைப்பையில் சும்மா போடாதீர்கள். எந்தக் கொம்பியூட்டரில் கடைசியாக வேலை செய்தது, என்ன செய்தி வந்தது என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கு நேரம் மிச்சம், திரையைப் போனில் படம் எடுத்தாலும் போதும். அலுவலகக் கொம்பியூட்டரில் மட்டும் காட்டவில்லை என்றால் முதலில் வீட்டில் போட்டுப் பாருங்கள், பல அலுவலகங்களில் பாதுகாப்புக்காக யூஎஸ்பியை மூடி வைத்திருப்பார்கள், அப்போது ட்ரைவில் ஒரு பிழையும் இருக்காது. சின்ன வேலை என்றால் அவரே வீட்டில் செய்யச் சொல்லித் தந்து அனுப்பிவிடுவார்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லி ஒரு யூபிஎஸ் வாங்கத் தீர்மானம் எடுத்துவிட்டோம். கணக்கும் படங்களும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன, சங்கக் கொம்பியூட்டர், என் லப்டொப், பொருளாளர் வீட்டு அலுமாரியில் ஒரு ட்ரைவ். ஐயாவின் 31ஆம் நாள் மலருக்கு மகள் வந்து கேட்டபோது அந்த முருங்கை மரத்துப் படத்தைக் கொடுத்தேன். அதை அச்சடிக்கவும் கரடிப்போக்குக்குத்தான் போனார்கள்.